முதிர்ந்த காதும் பிஞ்சுக் கையும்

உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன். வயது 46, போர்ட் லூயிஸில் கணக்கர் வேலை, நான்கு மாதங்களாகச் சனிக்கிழமைதோறும் வயலின் வகுப்பு. பக்கத்தில் உட்காருகிறவர்கள் எல்லாரும் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள். அவர்கள் அலங்காரம் என்னும் மேல்பாடத்துக்குப் போய்விட்டார்கள், நீங்கள் இன்னும் முதல் பாடமான சரளி வரிசையில் நிற்கிறீர்கள். மாமியார் "ஐந்தில் வளையாதது" என்று தொடங்கி, மீதியைச் சொல்லாமல் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். "ஒழுங்காக வாசிக்க எத்தனை மாதம் ஆகும்? இல்லை, இப்போதே விட்டுவிடுவது நல்லதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், மறந்துபோன ஒன்றைச் சேர்ப்பதுபோல, விலை கூடிய வயலின் வாங்கினால் சரியாகுமா என்றும் ஒரு வரி. மாதக் கணக்கு உங்கள் தொழிலிலிருந்து வந்த கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் உண்மையில் கேட்பது வேறு: பிள்ளைகளுக்கு நடுவே வில் கீச்சிடும்போது காது மடல்வரை சூடேறுகிறதே, அது எப்போது நிற்கும்? அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் 27 ஆண்டுகளாக இந்த மொரிஷியஸ் தீவில் வயலின் கற்றுக்கொடுக்கிறேன். சென்னையில் படித்து முடித்து வந்து, முதலில் ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டு வராந்தாவில், பிறகு ஒரு கோவில் மண்டபத்தில். நாற்பது வயதைத் தாண்டி வில்லைக் கையில் எடுத்தவர்கள் ஐம்பது பேருக்குக் குறையாமல் என்னிடம் வந்திருப்பார்கள். ஆனால் நான் சொல்வதை ஓர் எச்சரிக்கையோடு கேளுங்கள். தங்கியவர்களைத்தான் எனக்குத் தெரியும். போனவர்கள் "வேலை அதிகம் மிஸ்", "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதில் எது காரணம், எது சாக்கு என்று நான் துருவியதில்லை. உள்ளத்தைப் பற்றிய படிப்பும் எனக்கில்லை. விரல், வில், காது இந்த மூன்றையும் பற்றிச் சொல்லும்போது நான் உறுதியாகச் சொல்வேன். மற்றவை படித்ததும் பார்த்ததும்.

முதலில் அந்தப் பிள்ளைகளைப் பற்றி. அவர்களுக்கு வெட்கமே இல்லை, துணிந்து வாசிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். துணிச்சல் எல்லாம் இல்லை. அவர்களுக்கு இன்னும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஒன்பது வயதுச் சிறுமி 'க' என்ற காந்தாரத்தை ஒரு நூல் குறைத்துப் பிடித்தால் அவளுக்கு அதுவும் காந்தாரம்தான். விரலை வைத்தாள், ஒலி வந்தது, அடுத்த ஸ்வரத்துக்குப் போய்விட்டாள். நீங்களோ அப்பா சேர்த்துவைத்த கச்சேரி ஒலிநாடாக்களைச் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். காந்தாரம் எங்கே நிற்க வேண்டும் என்று உங்கள் காதுக்குத் தெரியும். அது அங்கே நிற்கவில்லை என்பதும் அந்த நொடியே தெரிந்துவிடுகிறது. காதுக்கு முப்பது வருடப் பழக்கம், கைக்கு நான்கு மாதம். இரண்டும் ஒரே உடம்பில் குடியிருந்தால் சண்டை வராமல் இருக்குமா?

சென்னையில் மார்கழிக் கச்சேரிகளுக்குப் போகும்போது ஒரு வகை மனிதரைப் பார்ப்பேன். முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருப்பார். நன்றாக வாசித்தால் தலை அசையாது. ஒரு சங்கதி பிசகினால் மட்டும் பக்கத்து இருக்கைக்காரரை ஒரு பார்வை பார்ப்பார். வயதுவந்த பிறகு கற்றுக்கொள்ள வருகிற ஒவ்வொருவரும் அந்த மனிதரைத் தன்னோடு வகுப்புக்கு அழைத்துக்கொண்டு வருகிறார். அவரை வெளியே அனுப்பச் சொல்லிப் பல புத்தகங்கள் போதிக்கின்றன. என் அனுபவத்தில் அவர் போகமாட்டார், போகவும் கூடாது. ஐந்து வருடம் கழித்து உங்களைச் சுருதியில் நிறுத்தப்போவது அவர்தான். அவருக்கு வேலையைக் குறைத்துக் கொடுங்கள் என்பதே என் யோசனை. பத்து நிமிடத்துக்கு ஒரே ஒரு பொருள். இப்போது வில் மட்டும்: அது குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் சிறு மரப்பாலம்) இணையாகப் போகிறதா, கோணலாகப் போகிறதா? அந்தப் பத்து நிமிடத்தில் 'ரி' என்ற ரிஷபம் எங்கே விழுந்தாலும் அது அவருடைய இலாகா இல்லை. அடுத்த பத்து நிமிடம் விரல். அப்போது வில் எப்படிப் போனாலும் பேசக் கூடாது. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. செய்து பாருங்கள், முதல் வாரம் அவர் வாயை மூடவேமாட்டார். மூன்றாவது வாரத்தில் கொஞ்சம் அடங்குவார். நான் பார்த்தவரை, தங்கியவர்களில் பெரும்பாலானோர் ஏதோ ஒரு விதத்தில் இதைத்தான் செய்தார்கள்.

சரளி வரிசையில் நின்றுவிட்டதாக வருந்துகிறீர்களே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் இந்தப் பாடங்கள் மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்திருப்பது வயலின்காரர்களுக்குப் பெரிய கொடை. உங்கள் வயலினில் தந்திகள், தடித்ததிலிருந்து எண்ணினால், ச, ப, ச, ப என்று சுருதி சேர்க்கப்பட்டிருக்கும். மூன்றாவது தந்தியில் ச வெறுந்தந்தி. ரி, க, ம மூன்றுக்கும் மூன்று விரல்கள். நான்காவது தந்தியில் ப வெறுந்தந்தி. த, நி, மேல் ச மூன்றுக்கும் அதே மூன்று விரல்கள், அதே இடங்கள். ராகத்தின் கீழ்ப்பாதியும் மேல்பாதியும் ஒரே அச்சு என்பதால் இப்படி அமைகிறது. ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி, காந்தாரமும் மத்திமமும் ஒட்டிக்கொண்டு நிற்கும். மேலே தைவதமும் நிஷாதமும் ச-வும் அப்படியே. மூன்று இடங்களைக் கைக்குப் பழக்கிவிட்டால் ச முதல் மேல் ச வரை ஒரு ஸ்தாயி முழுவதும் உங்களுடையது. வீணையில் 24 மெட்டுகள் இருக்கின்றன, விரலுக்கு ஒரு வழிகாட்டி உண்டு. வயலினில் மொட்டைப் பலகை. ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் வேறு ஊர். இதில் நான்கு மாதம் நிற்பது பின்தங்கல் ஆகாது. பிள்ளைகள் அலங்காரத்துக்குப் போய்விட்டது அவர்களுடைய ஆசிரியரின் தீர்மானம். பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டக் கூடாதென்று நானும் சீக்கிரம் நகர்த்திவிடுவேன். இரண்டு வருடம் கழித்து அதே சரளி வரிசைக்குத் திரும்ப அழைத்து வருவேன். இதைப் பெற்றோரிடம் சொல்வதில்லை.

கீச்சொலிக்கு வருவோம். அது உங்கள் குணத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வில்லின் மயிர் ரோசின் என்ற பிசின் பூசியது. அது தந்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போகிறது, தந்தி நழுவித் திரும்புகிறது, மறுபடி பிடிபடுகிறது. நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை இது நடக்கிறது. ஓர் அதிர்வுக்கு ஒரு நழுவல் என்று ஒழுங்காக நடந்தால் நல்ல நாதம். தந்தி இப்படி மூலை மடிந்து ஓடுவதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டு எழுதிவிட்டார். அழுத்தம், வேகம், குதிரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் வில் படுகிறது என்ற மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். மெதுவாக இழுத்து அதிகமாக அழுத்தினால் மரம் அறுக்கும் ஓசை. அழுத்தாமல் வேகமாக இழுத்தால் காற்றுபோல ஒரு விசில். நீங்கள் கணக்கர், மூன்று பத்திகள் கொண்ட பேரேடாக நினைத்துக்கொள்ளுங்கள். கீச்சிடும் ஒவ்வொரு முறையும் எந்தப் பத்தியில் பிழை என்று மட்டும் பாருங்கள். வெட்கப்படுகிறவர் செய்கிற காரியம் என்ன தெரியுமா? யாருக்கும் கேட்கக் கூடாதென்று வில்லை மெல்லத் தடவுவார். அதனால் ஒலி இன்னும் கெடும். வில்லை முழு நீளத்துக்கு இழுத்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறாற்போல் வாசிப்பவருக்கு நாதம் சீக்கிரம் வருகிறது. இதை நான் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்.

"எத்தனை மாதம்" என்ற கேள்விக்கு இணையத்தில் உங்களுக்குக் கிடைத்திருக்கும் எண்கள் பெரும்பாலும் கைமாறிக் கைமாறிக் கெட்டுப்போனவை. பத்தாயிரம் மணி நேரம் என்பது 1993இல் எரிக்சன் என்ற உளவியலாளரும் இரண்டு சகாக்களும் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அவர்கள் பார்த்தது பெர்லினில் இசை பயின்ற வயலின் மாணவர்களை, ஆகவே நமக்கு உறவுதான். ஆனால் அந்தத் தொகை, மிகச் சிறந்த மாணவர்கள் 20 வயதுக்குள் தனியாகப் பயின்ற நேரத்தின் சராசரி. அதைத் தாண்டினால் வித்வான், தாண்டாவிட்டால் இல்லை என்ற கோடு எதையும் அவர்கள் போடவில்லை. 2008இல் வந்த ஒரு பிரபலமான புத்தகம்தான் அதை விதியாக்கியது, எரிக்சனே பிறகு அதை மறுத்து எழுதினார். 21 நாளில் பழக்கம் படியும் என்பதும் அப்படித்தான். 1960இல் ஒரு பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் எழுதியதிலிருந்து கிளம்பிய எண் அது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்றில், ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கிற நிலைக்கு வர சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை விரிந்தது. நடுவே ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய கெடுதல் ஏற்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கடைசிச் செய்தியை மட்டும் எழுதி வயலின் பெட்டிக்குள் ஒட்டிவைக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இசையைப் பற்றியதே அல்ல. 1978இல் பாட்லி, லாங்மன் என்ற இருவர் பிரிட்டனில் அஞ்சல் ஊழியர்கள் தட்டச்சு கற்பதைப் பற்றி வெளியிட்டது. ஒரு குழுவுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு நாளுக்கு இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு மணி நேரம். விசைகளைப் பழகி முடிக்க முதல் குழுவுக்கு மொத்தம் சுமார் 35 மணி நேரம் போதுமாக இருந்தது. நான்கு மணி நேரக் குழுவுக்குச் சுமார் 50 தேவைப்பட்டது. கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தவர்கள் சிக்கனமாகக் கற்றார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள்தான் தங்கள் பயிற்சி முறையைப் பற்றி அதிகமாகக் குறைபட்டுக்கொண்டவர்கள். நாள் கணக்கில் மற்றவர்கள் முந்திப்போவதைப் பார்த்தார்களே! நன்றாகக் கற்றுக்கொண்டிருப்பவனுக்கே தான் பின்தங்குவதாகத் தோன்றும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? தினமும் இருபது நிமிடம் போதும் என்று நான் சொன்னால் பெரியவர்கள் நம்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து, திங்கட்கிழமை தோள்வலியோடு வேலைக்குப் போகிறார்கள்.

இரவு தூங்கி எழுந்தால் கை தேறியிருக்கும் என்ற பேச்சைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். 2002இல் ஹார்வர்டில் செய்த விரல் தட்டும் சோதனையில், தூங்கி எழுந்தவர்களுக்குச் சுமார் 20 சதவீதம் வேகம் கூடியது. ஆனால் முதல் நாள் களைப்பு நீங்கியதும் அதில் பெரும் பங்கு என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் வாதாடினார்கள். எப்படியானாலும் இராத்திரி பிடிவாதமாக வராத ஜண்டை வரிசை (சரளிக்கு அடுத்த பாடம்) காலையில் வந்து நிற்பதை நீங்களே பார்ப்பீர்கள். காரணத்தை அவர்கள் பேசித் தீர்க்கட்டும்.

இப்போது மாமியாரின் பழமொழி. அதில் பாதி உண்மை. உண்மையான பாதி எது என்றால், உடம்பு. வலது காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, இருபது நிமிடம் அசையாமல் இருப்பது பத்து வயதுக்கு விளையாட்டு. நாள் முழுவதும் நாற்காலியில் உட்காரும் 46 வயதுக்குத் தண்டனை. இடுப்புக்கு அடியில் ஒரு போர்வையை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். கால் மரத்தால் எழுந்து நடங்கள். விரல் நுனி எரிவது இயல்பு, சில வாரத்தில் தோல் தடித்துவிடும். மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலி வந்து மறுநாளும் நீடித்தால் அது இயல்பில்லை. வகுப்பை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், என்னிடம் கேட்காதீர்கள். சிறு வயதில் தொடங்கினால்தான் வாய்க்கும் என்று சொல்லத்தக்க இன்னொன்றும் உண்டு: எந்த ஒலியைக் கேட்டாலும் அது பியானோவில் எந்தக் கட்டை என்று சொல்லும் திறன். அது வாய்த்தவர்களில் பெரும்பாலோர் ஆறு, ஏழு வயதுக்குள் இசை தொடங்கியவர்கள். ஆனால் நம் இசைக்கு அது தேவையே இல்லை. நமக்கு ச எங்கே வைக்கிறோமோ அங்கே ச. தம்பூராவோடு ஒட்டிப் பிடிப்பதுதான் வேலை, அதை உங்கள் காது ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. அதனால்தானே இவ்வளவு துன்பம்.

வயலினே நம்மிடம் புதிதாக வந்து சேர்ந்த வாத்தியம் என்பதை நினைத்துப் பாருங்கள். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர், 1786இல் பிறந்தவர், சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் மேற்கத்திய முறையில் வில் பிடிக்கக் கற்றார். பெரிய இசைக் குடும்பத்துப் பிள்ளை, வீணையும் பாட்டும் வீட்டிலேயே ஊறியவர், போய் அந்நிய ஆசிரியர் முன்னால் அரிச்சுவடி படித்தார். அவர் எழுப்பிய முதல் ஒலியும் கீச்சொலியாகத்தான் இருந்திருக்கும். வயலினில் அதைத் தாண்ட வேறு வழி கிடையாது.

இதையெல்லாம் நான் ஏதோ கரையில் நின்று சொல்வதாக நினைக்க வேண்டாம். மூன்று வருடங்களுக்கு முன்னால், 58 வயதில், ராவான் கற்றுக்கொள்ளப் போனேன். வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வரி: செகா பாட்டுக்கு வாசிக்கும் பெரிய வட்டப் பறை அது, மரவளையத்தில் ஆட்டுத்தோல் இழுத்துக் கட்டியது, வாசிப்பதற்கு முன் தீயில் காட்டிச் சூடேற்றினால்தான் தோல் முறுகும். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியில் வந்த இசை. 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. சிறு வயதிலிருந்து கடற்கரையில் கேட்ட தாளம். நான் தாளத்தோடு வாழ்கிறவள். நமக்கென்ன, ஆறு எண்ணிக்கை, இரண்டு திஸ்ரம், அதாவது மும்மூன்றாக இரண்டு, ஒரு மாதத்தில் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

வரவில்லை. ஆசிரியர் என் மகனைவிட இளையவர். கூட இருந்தவர்கள் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். நான் சமம், அதாவது தாளம் தொடங்கும் இடம், என்று நினைத்த இடத்தில் கையை ஊன்றினேன், பாட்டு அங்கே ஊன்றவில்லை. தொடைக்கடியில் ரகசியமாக விரல் விட்டு எண்ணினேன். ஆசிரியர் பார்த்துவிட்டு, "பா கோன்தே, மிஸ்" என்றார். எண்ணாதீர்கள் என்று பொருள். எண்ணாமல் எனக்கு என்ன தெரியும்? எண்ணுவதற்காகத்தான் சென்னையில் வருடக்கணக்காகத் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் சிரித்தான். கெட்ட எண்ணத்தில் இல்லை. எனக்குத்தான் காது மடல் சூடேறியது. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து, இத்தனை வருடமாக என்னிடம் வந்த பெரியவர்களிடம் "வெட்கப்படாதீர்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, அது எவ்வளவு பயனற்ற சொல் என்று யோசித்தேன். மழையில் நனைகிறவனிடம் "ஈரமாகாதே" என்று சொல்வதுபோல.

அந்த இளைஞர் என்ன செய்தார் என்றால், அடுத்த வாரம் ராவானை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு மாராவானைக் கொடுத்தார். கரும்புப் பூத்தண்டுகளால் கட்டி உள்ளே விதைகள் போட்ட தட்டையான பெட்டி. இரண்டு கைகளிலும் பிடித்து அசைத்தால் சரக் சரக் என்று பேசும். மூன்று வாரம் அதை மட்டும் அசைத்தேன். எனக்குச் சின்ன வேலை. ஆனால் பாட்டு முழுசாக நடந்துகொண்டிருந்தது, அதற்குள் நானும் இருந்தேன். நான் நின்றால் ஒரு குறை தெரிந்தது. மூன்றாவது வாரம் எண்ணிக்கை கையைவிட்டுப் போனதைப் போன பிறகுதான் கவனித்தேன். இன்றைக்கும் நான் நல்ல ராவான்காரி இல்லை. பாட்டு வேகம் பிடிக்கும்போது பின்னால் விழுகிறேன். ஆனால் அந்த வகுப்புக்குப் போக யாரும் என்னைத் தள்ள வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு என் வயலின் வகுப்பை மாற்றிக்கொண்டேன். வயதில் மூத்த புது மாணவர்களுக்கு முதல் மாதத்திலேயே ஓர் உத்தியோகம் கொடுத்துவிடுகிறேன். பிள்ளைகள் வரிசை வாசிக்கும்போது அவர்கள் வெறுந்தந்தியில் ச-வும் ப-வும் இழுக்க வேண்டும், ஆவர்த்தத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, ஒரு வில், எட்டு அட்சரமும் நீட்டி. இடது கைக்கு வேலை இல்லை, எனவே அபஸ்வரம் வர வழியில்லை. வலது கைக்கோ இதைவிடக் கடினமான பயிற்சி கிடையாது. நீண்ட வில்லை ஒரே சீராக இழுப்பது வித்வான்களே நாள்தோறும் செய்யும் சாதகம். பிள்ளைகள் அந்த ஒலியின்மேல் சாய்ந்துகொண்டு வாசிக்கிறார்கள், அவர்களுடைய சுருதியும் தேறுகிறது. உங்கள் ஆசிரியரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். "எனக்கு வெட்கமாக இருக்கிறது" என்று போய் நிற்பதைவிட "நான் பத்து நிமிடம் சுருதி பிடிக்கட்டுமா?" என்று கேட்பது எளிது. மறுத்துவிட்டாலும் நட்டமில்லை, வீட்டில் மகளை வாசிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து அதையே செய்யலாம். உங்களைப் பார்த்துச் சிரிப்பதாக எழுதியிருந்தீர்களே, அவளுக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

இன்னொன்று கவனித்தேன். உங்கள் கேள்வி தமிழில் வந்திருக்கிறது. பத்து வருடத்துக்கு முன்னால் கோவிலில் மாலை வகுப்புக்குப் போய்த் தமிழ் எழுதக் கற்றதாக ஒரு வரியில் சொல்லியிருக்கிறீர்கள். மூன்று இடத்தில் ரகரமும் றகரமும் இடம் மாறியிருந்தன, ஒரு வாக்கியம் நம் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் தொடங்கித் தமிழில் முடிந்திருந்தது. அவற்றுக்காக நீங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. சொல்ல வந்தது தெளிவாக இருந்தது. நம் தீவில் தமிழ் எழுதுகிற பலரும் இப்படிப் பிழையோடு எழுதித்தான் எழுத வந்தோம், நானும் உட்பட. அதாவது புதியவனாக இருப்பது எப்படி என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வித்தைதான். தமிழில் அது வந்ததற்குக் காரணம், உங்களுக்கு அங்கே சொல்வதற்கு ஏதோ இருந்தது என்று நினைக்கிறேன். வயலினில் இப்போதைக்குச் சொல்வதற்கு ச-வும் ப-வும் இருக்கின்றன.

விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு "கூடவே கூடாது" என்று நான் சொல்லப்போவதில்லை. ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர் 63 வயதில் என்னிடம் வந்தார். ஒவ்வொரு வரிசையையும் வாசித்து முடித்ததும் ஓரத்தில் பென்சிலால் தேதி போடுவார். இரண்டு வருடம் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. ஒரு நாள் வந்து, "மிஸ், வயலினை விற்றுவிட்டேன், படகுக்கு இயந்திரம் வாங்கினேன்" என்றார். முகத்தில் அவ்வளவு களிப்பு. அவருக்குக் கடல்தான் வேண்டியிருந்திருக்கிறது. வயலின் வழியாகச் சுற்றிப்போய் அதைக் கண்டுபிடித்தார். காவடி நாளில் கோவிலில் பார்த்தால் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்று சரியான இடத்தில் தலையாட்டுகிறார். அவரைத் தோற்றவர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. நான் பார்க்கும் அடையாளம் ஒன்றுதான், அதுவும் உறுதியான விதி இல்லை: வீட்டில் யாரும் இல்லாத ஒரு மாலையில் வயலின் பெட்டி கண்ணில் பட்டால் உங்களுக்குத் திறக்கத் தோன்றுகிறதா? தோன்றினால் உங்கள் சிக்கல் சபையோடு மட்டும்தான், அது நாளடைவில் தேயும். தனிமையிலும் திறக்கத் தோன்றவில்லை, வாரக்கணக்கில் அப்படியே என்றால், யாரிடமும் விளக்கம் சொல்லாமல் வேறு எதையாவது தேடுங்கள். மாமியாரிடம் மட்டும் நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

கடைசி வரிக்கு வருகிறேன். விலை கூடிய வயலின் இப்போது வேண்டாம். ஆனால் உங்கள் வயலினைப் பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள், ஏனென்றால் நீங்கள் உங்கள் குற்றம் என்று நினைப்பதில் ஒரு பங்கு அதனுடையதாக இருக்கலாம். குதிரை சாய்ந்திருக்கிறதா, தந்திகள் பலகையிலிருந்து அளவுக்கு மேல் உயர்ந்து நிற்கின்றனவா, வில் மயிர் வழுவழுத்துவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தந்திகளை மாற்றி, வில்லுக்கு மயிர் புதிதாகக் கட்டினாலே பாதி வயலின் புதிதாகிவிடும். நீங்கள் கியூர்பிப் பக்கம் குடியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஜூலை, ஆகஸ்ட் ஈரத்தில் அங்கே சுருதி முளைகள் உப்பி இறுகிக்கொள்ளும், வெயில் அடித்தால் தளர்ந்து நழுவும், பெட்டிக்குள் பூசணம்கூடப் பிடிக்கும். ஒரு சின்னத் துணிப்பையில் ஈரம் உறிஞ்சும் மணிகளைப் போட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். சுருதி சேர்க்கும்போது முளையை உள்பக்கம் அழுத்திக்கொண்டே திருகுங்கள். வாசித்து முடித்ததும் வில்லின் திருகைத் தளர்த்திவிட்டு மூடுங்கள். நான் பார்த்த புது மாணவர்களில் பாதிப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள், ஆறு மாதத்தில் வில் கோணிப்போகிறது.